அகராதி இருக்கும்போது சொற்களஞ்சியம் எதற்கு?

கேட்கப்பட்ட கேள்வி இது: "நல்ல அகராதி ஒன்று வைத்திருக்கிறேன். கதையும் கட்டுரையும் எழுதிப் பழகுகிறேன். ஒரே பொருள் தரும் பல சொற்களைத் தொகுத்துக் கொடுக்கும் சொற்களஞ்சியம் தனியாகத் தேவையா? அதைப் பார்த்து எழுதினால் எழுத்து செயற்கையாகிவிடும் என்கிறார்களே?"

தேவைதான். செயற்கையாகிவிடும் என்ற அச்சத்திலும் பாதி நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பழி நூலைச் சேராது, அதைப் புரட்டுகிற விதத்தைச் சேரும். சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த நூல்வகையைப் பற்றிப் பரவலாக இருக்கும் எண்ணமே பிழையானது. ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே பொருளில் இன்னொன்றை வைப்பதற்கான கருவி அது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்காக மட்டும் அதை எடுப்பவர்தான் செயற்கையாக எழுதுவார்.

அகராதியில் சொல்லிலிருந்து பொருளுக்குப் போகிறோம். 'வெகுளி' என்று எங்கோ படிக்கிறீர்கள், பொருள் பிடிபடவில்லை, எடுத்துப் பார்க்கிறீர்கள், வேலை முடிந்தது. எழுதுகிறவரின் சங்கடம் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. பொருள் மனத்தில் தெளிவாக நிற்கிறது, சொல்தான் வரமாட்டேன் என்கிறது. வராத சொல்லை அகர வரிசையில் எந்த எழுத்தில் தேடுவது?

1966இல் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இந்தத் தவிப்பையே ஆய்வுப்பொருளாக்கினார்கள். அரிய சொற்களின் விளக்கத்தை மட்டும் மாணவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு, எந்தச் சொல் என்று கேட்டார்கள். சொல் நுனிநாக்கில் வந்து நின்றுவிட்ட மாணவர்களால் அதன் முதல் எழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் பல நேரங்களில் சரியாகச் சொல்ல முடிந்தது. ஒலியிலோ பொருளிலோ நெருங்கிய வேறு சொற்களும் அவர்கள் வாயில் வந்து விழுந்தன. வேண்டிய சொல் மட்டும் வரவில்லை. சொல் நினைவில் இருக்கிறது, எட்டவில்லை என்பதுதான் இதன் பொருள். இப்படிப்பட்ட நேரத்தில் அந்தச் சொல்லை யாராவது கண்முன் காட்டினால் 'ஆ, இதுதான்' என்று உடனே பிடித்துக்கொள்வோம். நினைவிலிருந்து வரவழைப்பது கடினம், கண்டதும் அடையாளம் காண்பது எளிது. சொற்களஞ்சியத்தின் முதல் பயன் இவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாத சொற்களைக் கற்றுக்கொடுப்பது அதன் வேலை அல்ல. உங்களுடைய சொற்களை உங்களிடமே மீட்டுத் தருகிறது. எழுதும்போது கைக்கு வரும் சொற்கள், படித்தால் புரிகிற சொற்களில் ஒரு பகுதிதான். 'நெகிழ்ந்தான்' என்ற சொல் தெரியாத தமிழ் வாசகர் இல்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் 'உணர்ச்சிவசப்பட்டான்' என்பதே முந்திக்கொண்டு வந்து நிற்கிறது.

இந்த முதல் பயனுக்காக மட்டும் நான் இவ்வளவு பரிந்து பேசமாட்டேன். இரண்டாவது பயன்தான் பெரிது. அதை ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால்தான் விளங்கும்.

'அவர் மிகுந்த கோபத்துடன் மகனைப் பார்த்தார்' என்று ஒரு கதையில் எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிழை இல்லை, உயிரும் இல்லை. 'கோபம்' என்ற தலைப்புக்குப் போகிறீர்கள். சினம், சீற்றம், ஆத்திரம், எரிச்சல், கடுப்பு, கொதிப்பு, குமுறல், பொருமல், கறுவுதல், மனத்தாங்கல், முறைத்தல், உறுமுதல் என்று வரிசை நீள்கிறது. 'மிகுந்த கோபத்துடன்' என்பதை 'மிகுந்த சினத்துடன்' என்று மாற்றிவிட்டு நூலை மூடினால், அதுதான் செயற்கை எழுத்து. வாக்கியம் முன்பு எவ்வளவு மந்தமாக இருந்ததோ அவ்வளவு மந்தமாகவே இருக்கும். கூடுதலாகக் கொஞ்சம் விறைப்பு சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

மூடாமல் ஒவ்வொன்றாக நின்று பாருங்கள். சீற்றம் வெளியே பாய்வது. பாம்பு சீறும், கடல் சீறும். வெறும் பார்வையோடு நிற்கிறவருக்கு அது பொருந்தாது. குமுறல் உள்ளேயே அடைபட்டுக் கிடப்பது. பொருமலில் அதோடு இயலாமையும் சேர்ந்திருக்கிறது. எரிச்சல் அற்பமான விஷயத்துக்கு வரும், சீக்கிரம் போய்விடும். கறுவுகிறவன் மறக்காமல் வைத்திருந்து காலம் பார்ப்பவன். ஆத்திரத்தில் முன்யோசனை இழந்த அவசரம் உண்டு. அதனால்தான் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்றார்கள், சினம் கொண்டவனுக்கு அப்படிச் சொல்லவில்லை. மனத்தாங்கல் யார்மீது வேண்டுமானாலும் வராது, உரிமை உள்ளவர்மீதுதான் வரும். இத்தனையும் பார்த்த பிறகு ஒரு கேள்வி உங்களை மறிக்கிறது: இந்த அப்பாவுக்கு வந்தது இவற்றில் எது? அதுவரை நீங்கள் அதை யோசித்திருக்கவே மாட்டீர்கள். 'கோபம்' என்ற பொதுச்சொல் யோசிக்க விடாமல் மூடி வைத்திருந்தது. மகன் எதிர்த்துப் பேசியதால் வந்த உடனடிக் கோபம் என்றால் 'அவர் மகனை முறைத்தார்' போதும். அடைமொழியும் வேண்டாம், 'பார்த்தார்' என்பதும் வேண்டாம். மனத்தாங்கல் என்றால் அவர் மகனைப் பார்க்கவே மாட்டார். மனைவியிடம் பேசுவதுபோல மகனுக்குச் சொல்வார். ஒரு சொல்லைத் தேடப் போன இடத்தில் காட்சியே மாறிவிட்டது.

நல்ல சொற்களஞ்சியத்தின் மதிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. மாற்றுச்சொல் தருவதாகச் சொல்லிக்கொண்டு, எந்தச் சொல்லும் எதற்கும் முழு மாற்று அல்ல என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. 'சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து' என்ற குறளை மேடைதோறும் கேட்கிறோம். சொல்பவர்கள் 'வெல்லுஞ்சொல்' என்பதை அழுத்திச் சொல்வார்கள். எழுதுகிறவர் அழுத்த வேண்டியது கடைசியில் நிற்கும் 'அறிந்து' என்பதை. வேறு சொல் வெல்லாது என்று அறிய வேண்டுமானால், போட்டிக்கு வரக்கூடியவை எல்லாம் முதலில் எதிரே நிற்க வேண்டும்.

அப்படி நிறுத்த வேண்டுமானால் சொற்களைப் பொருளால் அடுக்க வேண்டும். எழுத்து வரிசையில் அடுக்கினால் தந்தமும் தந்தியும் பக்கத்தில் பக்கத்தில் வரும். இரண்டுக்கும் பேச ஒன்றுமில்லை. பொருளால் அடுக்கும் வழி தமிழுக்குப் புதிதல்ல, அகர வரிசையைவிட அதுவே இங்கு பழையது. தொல்காப்பியத்தின் உரியியலைப் பாருங்கள். 'உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள' என்கிறது ஒரு நூற்பா. இலக்கண நூலில் இருந்தாலும் இது களஞ்சியப் பதிவு, வேறென்ன? மூன்று சொற்களை ஒரு பொருளின்கீழ் கொண்டுவந்து நிறுத்துகிறது. இன்னோர் இடம் இதைவிட அருமை. 'தடவும் கயவும் நளியும் பெருமை' என்று மூன்றையும் ஒன்றாகச் சொல்லிவிட்டு, உடனேயே தட என்பது வளைவையும் குறிக்கும், கய என்பது மென்மையையும் குறிக்கும், நளி என்பது செறிவையும் குறிக்கும் என்று பிரித்துக் காட்டுகிறது. முதலில் சேர்ப்பது, பிறகு பிரிப்பது. இரண்டாயிரம் ஆண்டுக்குக் கிட்ட வயதுள்ள அந்த ஒழுங்கை இன்றைய பல தொகுப்பாளர்கள் மறந்துவிட்டார்கள். சேர்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

பிறகு வந்த நிகண்டுகள், அதாவது சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த செய்யுள் நூல்கள், இதைத் தனி நூல்வகையாகவே வளர்த்தன. நமக்குக் கிடைத்தவற்றில் பழையது திவாகரம். திவாகரர் செய்தது, ஆதரித்தவன் பெயரையும் சேர்த்துச் சேந்தன் திவாகரம் என்பார்கள். தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று தொடங்கிப் பண்பு, செயல், ஒலி என நுண்மையானவற்றுக்குப் போய், மொத்தம் 12 தொகுதிகளாக அது விரிகிறது. கடைசி இரண்டு தொகுதிகள் தனி ரகம். ஒன்று, ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்கள். இன்னொன்று இருசுடர், நாற்படை, ஐம்பொறி என்பதுபோல எண்ணிக்கையோடு வழங்கும் தொகைகள். பிங்கலந்தை வேறு விதமாக 10 பிரிவுகள் வைத்துக்கொண்டது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு விருத்தப்பாவில் அமைந்தது, மனப்பாடம் செய்ய வசதியானது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் அதை உருப்போட்டார்கள்.

ஏன் மனப்பாடம்? செய்யுள் செய்பவருக்கு நூலைப் புரட்ட நேரமில்லை. யாப்பு ஒரு குறிப்பிட்ட அசையை, மோனைக்கு ஒரு குறிப்பிட்ட முதலெழுத்தை, எதுகைக்கு ஒரு குறிப்பிட்ட இரண்டாம் எழுத்தைக் கேட்கும். யானை என்று வைத்தால் தளை தட்டும், வேழம் என்றால் எதுகை கெடும், களிறு பொருந்தும். கையிருப்பில் எட்டுப் பத்துச் சொற்கள் இருந்தால்தான் பொருளை விட்டுக்கொடுக்காமல் ஓசையைக் காப்பாற்ற முடியும். 1732இல் சதுரகராதியைத் தொகுத்த வீரமாமுனிவர் இந்தத் தேவையை நன்றாக அறிந்திருந்தார். அதன் நான்கு பகுதிகளைக் கவனியுங்கள். பெயரகராதி ஒரு சொல்லின் பல பொருள்களைத் தருகிறது. பொருளகராதி ஒரு பொருளின் பல சொற்களைத் தருகிறது. தொகையகராதி தொகைகளையும், தொடையகராதி எதுகைக்கு வேண்டிய சொற்களையும் தருகின்றன. தமிழில் முதல் அகராதிகளுள் ஒன்று என்று அதைப் பாராட்டுவார்கள். அகராதி, களஞ்சியம், எதுகைக் கையேடு மூன்றும் ஒரே கட்டுக்குள் என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்த நூல்வகைக்கே மறுபெயராகிவிட்டவர் பீட்டர் மார்க் ரோஜே. 1779இல் பிறந்தவர், தொழிலால் மருத்துவர். தன் சொந்த உபயோகத்துக்காக 1805இல் ஒரு சிறு சொற்பட்டியலை வகைப்படுத்தி வைத்துக்கொண்டார். லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகி ஓய்வு கிடைத்ததும் அதை விரித்தெழுதி 1852இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 73. அருவத் தொடர்புகள், இடம், பருப்பொருள், அறிவு, விருப்பாற்றல், உணர்வு என 6 பெரும் வகுப்புகள், அவற்றுக்குள் 1,000 தலைப்புகள். இயற்கை அறிவியலார் உயிரினங்களைப் பிரிப்பதைப்போலக் கருத்துகளைப் பிரிக்க முயன்றார். எதிரெதிர்க் கருத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் பத்திகளாக வைத்தார். கருத்து வரிசையில் அடுக்கிய நூலில் வாசகர் வழி தவறிவிடுவார் என்பதால் கடைசியில் அகர வரிசைச் சொல்லடைவும் சேர்த்தார். அவர் 1869இல் மறைந்த பிறகு மகன் ஜான் லூயிஸ் அந்தப் பதிப்புப் பணியை ஏற்றுக்கொண்டார்.

ரோஜேயின் முன்னுரையில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. கருத்துவாரியாகச் சொற்களை முறைப்படுத்திய முந்தைய முயற்சிகளைச் சொல்லும்போது, முதலாவதாக அமரகோசத்தைக் குறிப்பிடுகிறார். அமரசிம்மரின் அந்தச் சமஸ்கிருத நூலைக் கோல்புரூக் மொழிபெயர்க்க, 1808இல் செராம்பூரில் அச்சிட்டிருந்தார்கள். தமிழ் நிகண்டுகள் அந்தக் குறிப்பில் இல்லை. இதைச் சொல்லி நாம் பெருமூச்சு விட வேண்டியதில்லை. நிகண்டுக்கும் ரோஜேயின் நூலுக்கும் நோக்கமே வேறு. நிகண்டு பெரும்பாலும் பெயர்ச்சொற்களைச் செய்யுளுக்காகத் திரட்டியது. ரோஜே அன்றாட உரைநடை எழுதுகிறவருக்கு வினை, அடை, தொடர் எல்லாவற்றையும் திரட்டினார். இன்று சிறுகதை எழுதுகிறவர் திவாகரத்தைத் திறந்தால் யானைக்கும் தாமரைக்கும் அம்புக்கும் சொல் குவிந்து கிடக்கும். தயக்கத்துக்கும் சலிப்புக்கும் அந்த அளவுக்குக் கிடைக்காது.

அந்தக் குறையை நிரப்ப நம் காலத்திலும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. ச. இராசேந்திரன் தொகுத்த தற்காலத் தமிழ்ச் சொற்களஞ்சியம் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. இன்றைய சொற்களைப் பொருட்புலம் வாரியாகப் பகுத்துத் தருவது. மொழியியல் மாணவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எழுத்தாளர்களுக்கு அது தெரியவில்லை என்பது என் ஆதங்கம்.

இனி அந்த 'செயற்கை' குற்றச்சாட்டுக்கு வருவோம். தேடி எடுத்த சொல் எப்போதும் தவறான சொல்லே என்று சொல்லும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். முதல் வரைவு எழுதும்போது அது சரி. எழுத்து ஓடிக்கொண்டிருக்கையில் நிறுத்திவிட்டு நூலைப் புரட்டினால் ஓட்டம் கெடும். அந்த நேரத்தில் வாய்க்கு வந்த சொல்லை வைத்துவிட்டு, அடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு மேலே போக வேண்டும். திருத்தும்போது அதே விதியைப் பிடித்துக்கொள்வது சோம்பல். முதலில் வந்த சொல் எப்போதும் உள்ளத்திலிருந்து வந்ததாக இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? நேற்றுப் படித்த செய்தியிலிருந்தும் வந்திருக்கலாம்.

உண்மையான கேடு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே சொல் திரும்ப வரக்கூடாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதை வேதமாக எடுத்துக்கொண்டு, முதல் வரியில் யானை, இரண்டாம் வரியில் களிறு, மூன்றாம் வரியில் வேழம், நான்காம் வரியில் கரி என்று எழுதுகிறார்கள். வாசகர் எத்தனை விலங்கு என்று எண்ணத் தொடங்கிவிடுவார். போதாக்குறைக்குக் களிறு ஆண் யானை. கதையில் வருவது பெண் யானையாக இருந்தால் பிடி என்று எழுதியிருக்க வேண்டும். திரும்ப வருவது குற்றமல்ல. வாசகர் கண்ணில் உறுத்துகிற இடத்தில் மட்டும்தான் குற்றம், அங்கும் பாதி நேரம் மருந்து மாற்றுச்சொல் அல்ல, வாக்கியத்தை மாற்றிக் கட்டுவதுதான். அறிவியலிலும் சட்டத்திலும் மாற்றுச்சொல் ஆபத்தாகவே முடியும். இயற்பியலில் நிறையும் எடையும் ஒன்றல்ல, வேகமும் திசைவேகமும் ஒன்றல்ல. ஒப்பந்தத்தில் ஓரிடத்தில் 'வாடகைதாரர்' என்றும் இன்னோரிடத்தில் 'குடியிருப்பவர்' என்றும் எழுதினால் அது நடையழகாகாது, வழக்குக்கு வழி.

இன்னொரு கண்ணி, சொற்களின் தகுதி வேறுபாடு. இறப்பைக் குறிக்கும் சொற்களைப் பாருங்கள். இறந்தார் என்பது பொது. காலமானார் என்பது அறிவிப்புக்கு உரியது. மறைந்தார் என்பதைப் பெயர் பெற்றவர்களுக்குச் சொல்கிறோம். இயற்கை எய்தினார் என்பதில் சொல்பவரின் கொள்கைச் சாய்வு கொஞ்சம் தெரியும். சிவபதம் அடைந்தார், பரமபதித்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், மௌத்தானார் என்று சொன்னவுடன் எந்தச் சமயத்தார் என்பது விளங்கிவிடுகிறது. பலியானார் என்றால் விபத்தோ தாக்குதலோ இருக்க வேண்டும். மாண்டார், மடிந்தார் என்பவை போர்க்களத்தையும் பஞ்சத்தையும் நினைவூட்டுகின்றன. செத்தான் என்பதில் வெறுப்பும் இருக்கலாம், பட்டவர்த்தனமான நேர்மையும் இருக்கலாம். யார் வாயில் வருகிறது என்பதைப் பொறுத்தது. புறநானூற்றில் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று ஓர் அரசனின் பெயர் வழங்குகிறது. துஞ்சிய என்றால் இங்கே இறந்த என்று பொருள், ஆனால் துஞ்சுதல் என்றால் உறங்குதலும்தான். இத்தனை சொற்களையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் அடுக்கிவிட்டுப் போகும் தொகுப்பு வாசகரைக் குழியில் தள்ளுகிறது. எந்தச் சொல்லை யார், யாரைப் பற்றி, எந்த இடத்தில் சொல்வார்கள் என்ற குறிப்பு பக்கத்தில் இருந்தால்தான் அது நல்ல தொகுப்பு.

சேர்க்கை என்று ஒன்றும் இருக்கிறது, மொழியை வளர்ந்த பின் கற்றவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம். கனமழை என்கிறோம், பலத்த காற்று என்கிறோம், கடும் வெயில் என்கிறோம், அடர்ந்த காடு, கும்மிருட்டு என்கிறோம். ஐந்து அடைகளும் சுட்டுவது ஒன்றைத்தான், மிகுதியை. இடம் மாற்றிப் பாருங்கள். பலத்த வெயில் என்று யாரும் சொல்வதில்லை. கன வெயில் சிரிப்பை வரவழைக்கும். பொருள் ஒத்துப்போனாலும் மரபு ஒத்துப்போக வேண்டும். இதனால்தான் சொற்களஞ்சியத்தைத் தனியாகப் பயன்படுத்தாதீர்கள் என்பேன். அதில் சொல்லைக் கண்டுபிடித்த பிறகு, எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் அகராதியில் சரிபார்க்க வேண்டும். தற்காலத் தமிழுக்கு அந்த வசதியை விரிவாகச் செய்து கொடுத்தது 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் அகராதி. பழைய வழக்கு வேண்டுமானால் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன். அகராதி இருக்கும்போது களஞ்சியம் எதற்கு என்றீர்கள். களஞ்சியம் கையில் இருந்தால்தான் அகராதியையே அடிக்கடி எடுப்பீர்கள்.

எழுதாதவர்களுக்கும், சொல்மேல் ஆசையால் மட்டும் படிப்பவர்களுக்கும், இந்த நூல்வகை வேறொரு இன்பம் தருகிறது. ஒரு சமூகம் எதைக் கூர்ந்து கவனித்தது என்பது அதன் சொற்கள் எங்கே குவிகின்றன என்பதில் தெரிகிறது. அரும்பு, முகை, மொட்டு, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவத்துக்கெல்லாம் பெயர் வைத்தவர்கள் பூவை நாள்முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். இலைக்குக் கொழுந்து, தளிர், பழுப்பு, சருகு. சொல் இடம் பெயர்வதும் களஞ்சியத்தில்தான் கண்ணில் படும். பழைய நூல்களில் நாற்றம் என்பது மணத்தோடு சேர்ந்து நின்றது, பூவுக்கே நாற்றம் என்றார்கள். இன்றைய தொகுப்பில் அது முடை, வீச்சம் ஆகியவற்றோடு போய்ச் சேர்ந்துவிட்டது. காலியிடங்களும் சுவாரஸ்யமானவை. ஒரு கருத்தின்கீழ் இரண்டே சொல் இருந்தால், ஏன் என்று யோசிக்கத் தோன்றும்.

இந்தக் கால நகர்வையே முழு நூலாக்கியவர்களும் உண்டு. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சாமுவேல்ஸ் 1965இல் தொடங்கி வைத்த பணி, 44 ஆண்டுகள் கழித்து 2009இல் ஆங்கிலத்தின் வரலாற்றுச் சொற்களஞ்சியமாக அச்சில் வந்தது. ஏறக்குறைய 8 லட்சம் பொருள்கள் அதில் இருக்கின்றன. எந்தக் கருத்துக்கு எந்த நூற்றாண்டில் எந்தச் சொல் வழங்கியது என்று பார்க்கலாம். வரலாற்றுப் புதினம் எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? கணினி உலகிலும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் 1980களில் தொடங்கிய வேர்ட்நெட், ஒத்த சொற்களைக் கொத்துக்கொத்தாகக் கட்டி, அந்தக் கொத்துகளை மேல்வகை, கீழ்வகை, பகுதி என்ற உறவுகளால் இணைத்தது. இயந்திரத்துக்கும் பொருள்வழி அடுக்கு தேவைப்பட்டது.

எப்படிப்பட்டதைத் தேர்ந்தெடுப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். அகர வரிசையில் தலைச்சொல் போட்டு எதிரே பத்து மாற்றுச்சொல் கொடுக்கும் கையடக்க நூல்களைத் தவிர்த்துவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களும் பெரும்பாலும் இந்த ரகம்தான். அவசரத்துக்கு உதவும், பழக்கத்தைக் கெடுக்கும். கருத்துவாரியாக அடுக்கியதாக இருக்கட்டும், பின்னால் அடைவு இருக்கட்டும். எதிர்ச்சொல் அருகில் இருந்தால் மிக நல்லது. பல நேரங்களில் நாம் சொல்ல விரும்புவதை அதன் எதிரிலிருந்து மறுத்துச் சொன்னால்தான் கூர்மையாக வரும். 'அஞ்சினான்' என்பதைவிடத் 'துணியவில்லை' என்பது சில இடங்களில் துல்லியம். வினைச்சொற்களும் மரபுத்தொடர்களும் எவ்வளவு இருக்கின்றன என்று புரட்டிப் பாருங்கள். பெயர்ச்சொல் மட்டும் நிறைந்த தொகுப்பு உரைநடைக்குப் பாதிதான் உதவும்.

பயன்படுத்தும் முறையில் ஒரே ஒரு கண்டிப்பு போதும்: பொருளும் பழக்கமும் இரண்டும் தெரிந்த சொல்லை மட்டும் அதிலிருந்து எடுங்கள். இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிற சொல்லை அன்றே கதையில் வைக்காதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு, வேறு யாராவது அதை எழுதியிருப்பதை நீங்கள் பார்க்கும்வரை காத்திருங்கள். 'மெதுவாக' என்பதற்கு மாற்றுத் தேடிப் போனால் மெல்ல, பைய, நிதானமாக, ஆற அமர, தயங்கித் தயங்கி என்று வரும். ஐந்தும் உங்களுக்குத் தெரிந்தவையே. நிதானத்தில் கவனம் இருக்கிறது, ஆற அமர என்பதில் நேரம் தாராளமாக இருக்கிறது, தயங்கித் தயங்கி என்பதில் மனம் பின்னால் இழுக்கிறது. அரிய சொல் எதுவும் இல்லாமலே வாக்கியம் திருந்திவிடும்.

கடைசியாக, அச்சிட்ட களஞ்சியம் எதுவும் உங்களுக்கு முழுமையாகப் போதாது. அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்களுடையதையும் தொடங்குங்கள். தலைப்புகளை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஒலியிலிருந்து தொடங்கச் சொல்வேன். திவாகரத்திலேயே ஒலிக்குத் தனித் தொகுதி உண்டு என்றாலும், பேச்சில் புழங்கும் ஒலிக்குறிப்புச் சொற்கள் பல தொகுப்புகளில் அரைகுறையாகத்தான் இருக்கின்றன. தண்ணீர் சலசலக்கும், இலை சரசரக்கும், மரம் மடமடவென்று முறியும், கதவு கிறீச்சிடும், ஓலை படபடக்கும், சலங்கை கலகலக்கும், பட்டுப்புடவை மொரமொரக்கும். காதில் விழும்போதெல்லாம், எந்தப் பொருள் எழுப்பியது என்ற குறிப்போடு எழுதி வையுங்கள். அடுத்த தலைப்பாக நடையை வைத்துக்கொள்ளலாம்.